பள்ளி வண்டி ஓட்டுநருக்கு விற்ற ஆமைப் பூட்டு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் சித்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகாமல் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் இருமல் தும்மல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். கையில் போன் இருக்க, முகம் பார்த்துப் பேச வசதி இருக்க, இந்த மனுஷன் எதற்குப் பக்கம் பக்கமாகக் கையால் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் உன்னைச் சிரிக்க வைத்துவிடுவேன், நீ சிரித்துவிட்டால் நான் தப்பித்தேன் என்று அர்த்தம். நீ எட்டு வயதில் ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நமக்குள் இதுதான் நடக்கிறது, உன் அப்பா, என் அண்ணன், இருந்திருந்தால் உன்னைக் கண்டித்து ஒழுங்காக வளர்த்திருப்பார், நான் சிரிக்க வைத்தே வளர்த்துவிட்டேன். இந்த முறை நான் தப்பிக்கக் கூடாது. அதனால்தான் எழுதுகிறேன், சித்தி ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள், படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள் என்பதால் இதில் பொய் எழுதவும் வழியில்லை. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பெயரில் இருக்கும் அந்த ஆன்லைன் கடையிலிருந்து, உன் பெயரைப் போட்டு, ஒரு யோக்கியமான மனிதரை மோசடிக்காரன் என்று உலகத்துக்கே எழுதிவிட்டேன். அவருடைய வேலை இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. அதைக் காப்பாற்ற உன்னால் மட்டும்தான் முடியும், அதுவும் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், வழியில் எங்காவது நான் பெருமை பேச ஆரம்பித்தால் அந்த வரியை மட்டும் தாண்டிப் படி. போன வருஷம் நீ வந்திருந்தபோது என் சாவிக் கடையின் பின்பக்கம் சாக்கில் கிடந்த பழைய பூட்டுகளைக் கிளறிப் பார்த்து, சித்தப்பா இதைச் சேகரிக்கிறவங்க இருக்காங்க, நல்ல விலைக்குப் போகும் என்றாய். கடை தொடங்க அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டு என்றெல்லாம் கேட்டார்கள், எனக்குத் தலை சுற்றியது, நீ சட்டென்று என் கடையிலேயே போட்டுக்கோங்க என்று சொல்லிவிட்டு, பழைய கேமராக்களை நீ விற்கிற கடையின் கடவுச்சொல்லை என் பஞ்சாங்கம் போன்ற நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய். ஆறு வருஷமாக வாங்கினவர்களில் ஒருவர்கூட முகம் சுளிக்காத கடை அது, ஐந்து நட்சத்திரமும் முழுதாக எரிகிற கடை, அந்த மாதிரி ஒரு பெயரைச் சம்பாதிக்க என்னைப் போன்றவன் மலை உச்சியில் ஒற்றைக் காலில் நூறு வருஷம் நின்றாலும் முடியாது, நீ அதை எனக்கு மழைக்குக் குடை இரவல் கொடுப்பதுபோலக் கொடுத்தாய். முதல் விற்பனையிலேயே எனக்கு மொட்டை அடித்த கதை உனக்குத் தெரியும். அந்தப் புண்ணியவான் என் இரும்புப் பெட்டிப் பூட்டை வாங்கினான், மூன்றாம் நாள் உடைந்து வந்திருக்கிறது என்று எழுதினான், நானும் ஐயோ பாவம் என்று திருப்பி அனுப்பச் சொல்லிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன், திரும்பி வந்த டப்பாவைப் பிரித்தால் உள்ளே என் பூட்டுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்லாத ஒரு துருப்பிடித்த சனியன் உட்கார்ந்திருந்தது. எடை மட்டும் அச்சு அசலாக ஒத்துப்போனது, அதுதான் அவன் கைவரிசை. நாற்பது வருஷமாகப் பூட்டோடு குடித்தனம் நடத்துகிறவனிடமே பூட்டை மாற்றினான் என்றால் அவன் வானத்திலிருந்து நிலாவைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு தட்டை மாட்டினாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை.

அன்றைக்கு நீ ஒரு மணி நேரம் போனில் உட்கார்ந்து எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தாய். பொருளை எல்லாப் பக்கமும் படம் எடுங்க, கீறலைக்கூட மறைக்காதீங்க, வேலை செய்றதையும் பார்சல் கட்டறதையும் நடுவுல நிறுத்தாம வீடியோ எடுங்க, யாருக்கும் தெரியாத இடத்துல ஒரு அடையாளம் வைங்க, கூரியர்ல எடை போட்ட சீட்டைத் தொலைக்காதீங்க என்றாய். பணம் போட்டாச்சு என்று எவனாவது படம் அனுப்பினால் படத்தைப் பார்க்காமல் வங்கிக் கணக்கைப் பார்க்கச் சொன்னாய், பேச்சும் பணமும் கடை இருக்கிற அந்த ஆன்லைன் சந்தைக்குள்ளேயே நடக்கட்டும், வெளியே வாங்க தனியாப் பேசிக்கலாம் என்று கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருங்க என்றாய், தெரியாமல் அதிகம் அனுப்பிவிட்டேன் மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள் என்பவன் ஒரு காசும் அனுப்பியிருக்க மாட்டான் என்றாய். அத்தனையும் தங்கம், இன்றைக்கும் அதில் ஒரு எழுத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். நான் அதோடு எங்கள் தொழில் வழக்கம் ஒன்றையும் சேர்த்தேன். பூட்டையும் சாவியையும் ஒரே பையில் போட்டு ஒரே ஆளிடம் கொடுத்தனுப்ப மாட்டோம், பூட்டு ஒரு கையில் போனால் சாவி வேறு கையில் போகும். அதையே இங்கேயும் வைத்துக்கொண்டேன், முதல் பார்சலில் பூட்டு, அது நல்லபடியாக வந்தது என்று வாங்கினவர் எழுதிக்கொடுத்த பிறகு இரண்டாவது பார்சலில் சாவி. இந்த யோசனை உதித்த அன்று நான் வீட்டுக்குள் நடந்த நடையைப் பார்த்து, கிரீடம் நிலையில இடிக்கப் போகுது, குனிஞ்சு வாங்க என்றாள் உன் சித்தி. யோசனை பலித்ததும் உண்மை. அடுத்து ஒருவன் அதே மாற்றுவேலையைக் காட்டப் பார்த்தான், அவன் திருப்பி அனுப்பிய பூட்டில் வளையத்தின் உள்பக்கம் நான் குத்தி வைத்த மூன்று புள்ளிகள் இல்லை, வீடியோவையும் சீட்டையும் தூக்கிப் போட்டேன், சந்தைக்காரர்கள் என் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். பூட்டு சேகரிக்கிறவர்களுக்கு அங்கேயே ஒரு குழு இருக்கிறதல்லவா, எழுநூறு பேர், அதில் போட்டேன், ஆளாளுக்குக் கை தட்டினார்கள், துப்பறியும் தாத்தா என்று பட்டம்கூடக் கொடுத்தார்கள். தாத்தா என்றது பிடிக்கவில்லை, மற்றபடி அந்தக் கைதட்டல் எனக்கு ரொம்ப ருசித்தது மகளே. அதற்குப் பிறகு எவர் எதை எழுதினாலும் எனக்குத் திருடன் வாசனை அடித்தது, பார்சல் எப்ப வரும் என்று ஒரு கல்லூரி வாத்தியார் கேட்டதற்குக்கூட, ஏன் அவசரப்படுகிறான் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இப்போது ஆமைக்கு வருகிறேன். கடையில் என் கருவி அலமாரியில் தொங்குமே, முதுகு வளைந்த பித்தளைப் பூட்டு, நீ சின்ன வயதில் அதற்கு ஆமை என்று பெயர் வைத்தாய். இருபத்தேழு வருஷம் காலையில் திறந்து சாயங்காலம் பூட்டியிருக்கிறேன். அந்த வகைப் பூட்டில் வேலை செய்கிற நிலையில் ஒன்றுகூட இன்று உலகத்தில் இருக்காது என்று குழுவில் ஒருவர் சொல்லிவிட்டார். உன் சித்தப்பன் சும்மா இருப்பானா, என்னிடம் இருக்கிறது, சாவி போட்டால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரித் திறக்கும் என்று எழுதி, மூன்று முறை திறந்து மூடி வீடியோவும் போட்டு, விலைக்கும் வைத்தேன். வாங்கினவர் ஒரு பள்ளிக்கூடத்து வண்டி ஓட்டுநர், அவருடைய படத்திலேயே வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார், பின்னால் வண்டி நம்பர் தெரிகிறது. பூட்டு கிடைத்த அன்றே, ரொம்ப அழகா இருக்கு சார், வீட்ல எல்லாரும் பாத்தோம் என்று எழுதினார், நானும் ராஜா தானம் கொடுப்பதுபோலச் சாவியை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, சார் சாவி உள்ள போகுது, சுத்துது, ஆனா பூட்டு திறக்கல, நான் ஏதாவது தப்பாப் பண்றேனா என்று கேட்டார். நான் ஏதாவது தப்பாப் பண்றேனா என்று கேட்கிறவன் எந்த ஊரில் மோசடிக்காரனாக இருந்திருக்கிறான், நீயே சொல். ஆனால் அன்று என் கண்ணில் அது படவில்லை, முதல்ல அப்பாவி மாதிரிப் பேசுவான், அப்புறம்தான் வேலையைக் காட்டுவான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு அந்த வீடியோவை அனுப்பினேன். எண்ணெய் விட்டுப் பார்த்தேன் சார், எங்க வண்டி மெக்கானிக்கும் முயற்சி பண்ணினார், வேணும்னா திருப்பி அனுப்பறேன் நீங்களே பாருங்க, அனுப்பற செலவு நான் போட்டுக்கறேன் என்று அவர் எழுதினார். மாற்றுப் பூட்டு வரப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். சந்தைக்குப் புகார் எழுதினேன், அதோடு நிறுத்தியிருந்தால்கூட மன்னிக்கலாம், குழுவில் அவருடைய படத்தைப் போட்டு எச்சரிக்கை என்று தலைப்பும் வைத்தேன். அதற்குக் கீழே நான் எழுதிய வரியை உனக்கு எழுதிக்காட்ட எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், நீ எங்கேயோ படித்துத் தெரிந்துகொள்வதைவிட இது மேல். பூட்டையே மாற்றுகிறவன் நம் பிள்ளைகளை ஏற்றிப் போகிறான், இறங்கும்போது பிள்ளைகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள் என்று எழுதினேன். எழுதிவிட்டு என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன். எழுநூறு பேர் குழுவில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் ஒரே ஒரு வரிதான் எழுதினார், சார் படத்துல வண்டி நம்பர் தெரியுது, அதை மட்டும் எடுத்துடுங்க என்று. நான் எடுக்கவில்லை. பதிவின் மேலே உன் பெயரும் உன் ஐந்து நட்சத்திரமும் இருந்தன, அதனால்தான் எல்லோரும் நம்பினார்கள், என் பெயரில் எழுதியிருந்தால் கிழவன் உளறுகிறான் என்று போயிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வீடியோவை நூறாவது முறையாகப் போட்டு, பார் என்ன வழுக்கு, பார் என்ன சத்தம், இதைத் திறக்கலையாம் அவனுக்கு என்று வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்து வைத்துவிட்டு, வலது கை சரி, அந்த இடது கை என்ன பண்ணுது என்று கேட்டாள். என்ன பண்ணும், பூட்டைப் பிடிச்சிருக்கு என்றேன். பிடிக்கல, அழுத்துது, கட்டை விரலைப் பாருங்க என்றாள். போனை வாங்கித் திரையைப் பெரிதாக்கிக் காட்டினாள். மகளே, சாவி திரும்புகிற ஒவ்வொரு முறையும் என் இடது கட்டை விரல் அந்த வளையத்தின் காலை மயிரிழை அளவு உள்ளே அழுத்துகிறது. மூன்று முறையும் அழுத்துகிறது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துபோயிருக்கிறது, வளையத்தை அழுத்தினால்தான் அதைப் பிடித்திருக்கும் நாக்கு விடும், அழுத்தாவிட்டால் சாவி சும்மா சுற்றும், இருபத்தேழு வருஷமாக என் விரல் அந்தக் குறையைச் சரிக்கட்டிக்கொண்டே வந்திருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் உள்ள பூட்டுக்கெல்லாம் நோய் சொல்லும் மகா வைத்தியன், தன் அலமாரியில் தொங்குகிற நோயாளியைப் பார்க்கவில்லை. அத்தோடு அவள் விட்டாளா என்றால் இல்லை. அந்த அலமாரியை நான் ஒரு நாளாவது திறந்திருக்கேனா, எனக்குத் திறக்கலைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஒவ்வொரு தடவையும் உனக்குக் கை வராதுன்னுதானே சொன்னீங்க என்றாள். குரலை உயர்த்தாமல் சொன்னாள், அடுத்த தலையணை உறையை எடுத்தாள். நான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். குழுவில் அந்தப் பதிவை எடுத்துவிட்டேன், என் பெயரையும் என் முகத்தையும் போட்டு, தவறு என்னுடையது, அவர் சொன்னது உண்மை என்றும் எழுதினேன். குற்றச்சாட்டை எழுநூறு பேர் பார்த்தார்கள், மன்னிப்பைப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள், அதில் இரண்டு பேர் என் கண்ணாடியின் விலை கேட்டார்கள்.

மறுநாள் முதல் வண்டியைப் பிடித்து மூன்று மணி நேரம் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்றாவது மாடி, ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய நடை, அந்த நடைச் சுவரில் ஒரு பலகை அடித்து அதில் பதினாறு பூட்டுகளை மாட்டியிருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கே வாங்கியது, எந்த வருஷம் என்று பொடிப் பொடி எழுத்தில் சீட்டு. நடுவில் ஒரு ஆணி காலியாக இருந்தது, அதற்குக் கீழே சீட்டு மட்டும் ஏற்கெனவே எழுதி ஒட்டியாகிவிட்டது. அவர் மனைவி நான் யார் என்று தெரிந்ததும் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை, வெளியே போங்க என்றும் சொல்லவில்லை, அவர் ஸ்கூல்ல இருக்கார், வண்டி கழுவறார் என்று மட்டும் சொன்னாள். ஓட்டறார் என்று சொல்லவில்லை, கழுவறார் என்றாள். பள்ளிக்கூடத்துப் பின்பக்கத்தில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு சக்கரத்துச் சேற்றை அலசிக்கொண்டிருந்தார், என்னைவிட இருபது வயது சின்னவர், என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து குழாயை அடைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். எத்தனையோ ஜோடித்துக்கொண்டு போயிருந்தேன், பூட்டு எங்க இருக்கு தம்பி என்றுதான் கேட்டேன். சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்தார். வேலைக்கு நடுவில் திறந்து பார்ப்பதற்காகத் தினமும் கொண்டு வருவாராம், ஒருவேளை இன்னைக்குத் திறந்துட்டா உங்களுக்கு வீடியோ எடுத்து அனுப்பி மன்னிப்புக் கேக்கலாம்னு இருந்தேன் சார் என்றார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்க இருந்தாராம். அவருடைய கட்டை விரலைப் பிடித்து வளையத்தின் மேல் வைத்து, இப்ப திருப்புங்க என்றேன். திறந்தது. மூடினார், திறந்தார், நாலைந்து முறை அப்படியே செய்தார், அப்ப நல்ல பூட்டுதான் சார் என்று அவர் முகம் மலர்ந்தது பார், நான் தலையைத் திருப்பி வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பிள்ளையின் அப்பா எங்கள் குழுவில் இருந்திருக்கிறார், அவர் என் பதிவைப் பள்ளிக்கூடத்தில் காட்டியிருக்கிறார். அவர்கள் ஓட்டுநரைத் திட்டவில்லை, பதினோரு வருஷமாக ஓட்டுகிறவர், ஒரு கீறல் கிடையாது, ஆனால் பிள்ளைகளை எண்ணி வாங்குங்கள் என்ற வரி பெற்றவர்கள் மத்தியில் சுற்றத் தொடங்கிவிட்டது, அதனால் கொஞ்ச நாளைக்கு ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் அவரோடு நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன். மேலாளர் அம்மா கண்ணாடியை இறக்கி, நீங்கதான் அந்தக் கடைக்காரரா என்று கேட்டார்கள். கடை என் பொண்ணோடது, எழுதினது நான் என்றேன். பேர் அவங்களோடதுதானே இருக்கு, அப்ப அவங்க எழுதட்டும், சந்தைக்காரங்க முடிவையும் சேர்த்து அனுப்புங்க, வெள்ளிக்கிழமை காலையில வேற ஆளை நிரந்தரமா எடுத்தாகணும், அதுவரைக்கும் நிறுத்தி வைக்கறேன் என்றார்கள். கோபமே இல்லாமல் சொன்னார்கள், நியாயமாகவும் சொன்னார்கள். வாசலில் வந்து ஓட்டுநரிடம் பணத்தைத் திருப்பித் தருகிறேன், பூட்டை இங்கேயே உட்கார்ந்து சரிசெய்தும் தருகிறேன் என்றேன், ஸ்பிரிங்கும் அரமும் பையில்தான் வைத்திருந்தேன். முதல்ல என் பேரைச் சரி பண்ணுங்க சார், பூட்டு அப்புறம் பாக்கலாம் என்றார்.

அதனால் இதுதான் விஷயம். என் புகாரின் மேல் சந்தைக்காரர்கள் உனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருப்பார்கள், அதைத் திறக்கிற ரகசிய எண் உன் போனுக்குத்தான் வரும், புகாரில் நான் இங்கிருந்து எதையும் மாற்ற முடியாது. பதில் சொல்ல மூன்று பொத்தான்கள் இருக்கும். வாங்கியவர் மோசடி செய்தார் என்பது ஒன்று. இருவரும் பேசி முடித்துக்கொண்டோம் என்பது இரண்டாவது. விற்றவர் தவறாக விவரித்தார், புகாரும் தவறு என்பது மூன்றாவது. இரண்டாவதை அழுத்தினால் உன் நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆகாது, சத்தமில்லாமல் கோப்பு மூடிவிடும், திங்கட்கிழமை திரும்பி வருகிற வழி முழுக்க நான் அந்த இரண்டாவது பொத்தானையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. கடைக்குள் எவனோ புகுந்து எழுதிவிட்டான் என்று சொல்லிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது, அதை வாய்விட்டுச் சொன்னேன், சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள், புகுந்தது யாருன்னு எனக்குத் தெரியும் என்றாள், அத்தோடு அந்த யோசனை செத்தது. பேசி முடித்துக்கொண்டோம் என்று போட்டால் அவர்மேல் ஏதோ இருந்தது, பெரிய மனது பண்ணி விட்டோம் என்று ஆகிவிடும், அதைக் கொண்டுபோய் எந்தப் பள்ளிக்கூடத்திலும் காட்ட முடியாது. மூன்றாவதை அழுத்து மகளே. அழுத்தினால் உன் கடைமேல் ஒரு கறுப்புப் புள்ளி விழும், ஆறு வருஷம் நீ தூங்காமல் துடைத்துத் துடைத்து வைத்த பெயர், விழுந்தால் எடுக்கவே முடியாதாம், உன் சம்பாத்தியத்தை என் கையால் அழுக்காக்கிவிட்டு அதை நீயே ஒப்புக்கொள் என்று கேட்கிறேன். இதைக் கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. சந்தைக்காரர்களின் முடிவோடு சேர்த்து மேலாளர் அம்மாவுக்கும் நாலு வரி எழுது, எழுதியவர் என் சித்தப்பா, அவர் தவறாக எழுதினார், ஓட்டுநர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று எழுது. எனக்காக எதையும் பூசி மெழுகாதே, வயசானவர் தெரியாமல் செய்துவிட்டார் என்ற வரி மட்டும் வேண்டாம், எனக்குத் தெரிந்துதான் செய்தேன், வண்டி நம்பரை எடுக்கச் சொல்லி அவர் கேட்டதைப் படித்துவிட்டுத்தான் எடுக்காமல் விட்டேன்.

கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடு, புதியதை என்னிடம் சொல்லாதே, நான் கெஞ்சினாலும் சொல்லாதே, என் கெஞ்சல் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நீ கேமரா விற்கிறவள், உன் சட்டங்கள் ஏமாற்றுகிறவனிடமிருந்து உன்னைக் காக்கும், இன்னும் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள், வேலை செய்கிறது என்று எழுதுவதற்கு முன்னால் அந்தக் கேமராவை இதுவரை தொடாத ஒருவர் கையில் கொடுத்துப் பார், மாப்பிள்ளையிடம் கொடு, அவருக்கு எதுவும் சுலபத்தில் கை வராது, அதனால் ரொம்பப் பொருத்தமானவர். புகார் இருந்தால் சந்தைக்காரர்களிடம் சொல், தெருவில் நின்று சொல்லாதே, அவர்கள் இரண்டு பக்கமும் கேட்பார்கள், தெரு ஒரு பக்கம்தான் கேட்கும். இவ்வளவு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் வளர்த்தவன் சொல்கிறேன், வைத்துக்கொள். சித்தி உனக்கு ஸ்வெட்டர் போடச் சொல்லி எழுதச் சொன்னாள், போட்டுக்கொள், முடியில் ஈரத்தோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையை அதிகம் விரட்டாதே. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, யார் முன்னாலும் தலை குனிய வேண்டிய வேலையைச் செய்யாமல், நிறைந்து வாழ வேண்டும்.

நீ இதைப் படிக்கிற நேரத்தில் அவருடைய வண்டியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருப்பார், அவர் அது திரும்பி வருவதற்காகக் குழாயோடு நின்றுகொண்டிருப்பார். அவருடைய நம்பரைச் சித்தி தனியாக அனுப்புவாள். மூன்றாவது பொத்தானை அழுத்தியதும் என்னைக் கூப்பிடாதே, முதலில் அவரைக் கூப்பிட்டுச் சொல். என்னோடு பேச எப்போது மனம் வருகிறதோ அப்போது பேசினால் போதும், அது எத்தனை நாளானாலும் சரி.

உன் பெயரில் எழுதிய பாவத்துக்குத் தன் கையால் கையெழுத்துப் போடும்,
உன் சித்தப்பா